தாத்தா காலத்து ஷேவிங் செட்டு: டெல்டாவுல சேக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, நாகப்பட்டினம் பக்கம் இருக்குறவங்களுக்கு இந்த விஷயத்துல ஒரு யோகம் இருக்கு, ஆனா நெறய பேருக்கு அது தெரியாது. நாகப்பட்டினத்துலேருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஓடுன காலம் ஒண்ணு இருந்துச்சு, மொதல்ல ரஜூலா, அப்பறம் 1985ல தீப்பிடிக்கிற வரைக்கும் எம்.வி. சிதம்பரம், அதுல போயிட்டு வந்த ஆளுங்க பொட்டியில சென்ட்டு, டார்ச்சு, கம்பளியோட ஷேவிங் செட்டும் வந்து எறங்குச்சு. கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர்னே சொல்லுவாங்க. அதிராம்பட்டினம், நாகூர் பக்கமும் இதே கதைதான், காரைக்கால்ல 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் இருந்ததால அங்க பிரான்ஸ் சரக்கே கெடைக்க வாய்ப்பு இருக்கு. அதெல்லாம் பரண்ல, டிரங்குப் பொட்டியில, பழைய பாத்திரத்தோட பாத்திரமா கெடக்குது, வீடு இடிக்கும்போது எடைக்குப் போயிடுது.

இது ஷோகேஸ்ல வச்சுப் பாக்குறவங்களுக்கான கட்டுரை இல்ல. எடுத்து, கழுவி, அதுலயே மூஞ்சி மழிக்கணும்னு நெனக்கிறவங்களுக்கு. வாங்குறது சின்ன வேலை, நம்ம ஊரு உப்புக் காத்துலயும் ஈரத்துலயும் அதைக் கெடாம வச்சிருக்குறதுதான் பெரிய வேலை, அதுனால சுத்தம் பண்றதைப் பத்தியும் பாதுகாக்குறதைப் பத்தியும் கொஞ்சம் நீட்டியே சொல்றேன், பொறுத்துக்குங்க.

மொதல்ல எதை வாங்குறது

கத்தியை வாங்காதீங்க. சவரக்கத்தி பாக்க அழகா இருக்கும், கை பரபரக்கும், இருந்தாலும் இப்ப வேணாம். மொத பீஸு மூணு துண்டா கழலுற டபுள் எட்ஜ் ரேசரா இருக்கட்டும், அதாவது மேல மூடி, நடுவுல தட்டு, கீழ கைப்பிடி, அவ்வளவுதான். ஸ்பிரிங் கெடயாது, கதவு கெடயாது, கெட்டுப்போக ஒண்ணுமே இல்ல. கில்லெட் டெக்னு ஒரு மாடல், 1938ல வந்தது, பிளேடுக்கு அடியில சீப்பு மாதிரி பல்லு இல்லாம நேரா ஒரு பட்டை மட்டும் இருக்கும், ரொம்ப சாது, புதுசா ஆரம்பிக்கிறவனைக் கிழிக்காது. மேட் இன் இங்கிலாண்ட்னு போட்டது நம்ம பக்கம் அப்பப்ப மாட்டும்.

அடுத்த ரகம், கைப்பிடி அடியில இருக்குற திருகைத் திருப்புனா மேல ரெண்டு கதவும் பட்டாம்பூச்சி மாதிரி தொறக்கும். கில்லெட் சூப்பர் ஸ்பீடு இந்த ரகம், 1947லேருந்து வந்தது. அதுக்கும் மேல நம்பர் வச்சுத் திருப்புற அட்ஜஸ்டபிள் இருக்கு, ஒண்ணுலேருந்து ஒம்போது வரைக்கும், நம்பர் ஏற ஏற பிளேடு கடிக்கும். அதுல தடிக் கைப்பிடி வச்ச ஃபேட்பாய் 1958ல வந்து 1961 வரைக்கும்தான் செஞ்சாங்க, அப்பறம் ஸ்லிம் வந்துருச்சு. ஃபேட்பாய் பேரைக் கேட்டாலே விக்கிறவன் வெலையை ஏத்திடுவான், என்னைக் கேட்டா ஸ்லிம்மே போதும். அட்ஜஸ்டபிள்ல ஒரு விஷயம், பிளேடைப் போட்டு முழுசா இறுக்கிட்டு நம்பரைத் திருப்பாதீங்க, அடித் திருகை அரைச் சுத்து தளத்திட்டு நம்பரை மாத்தி திரும்ப இறுக்குங்க, உள்ள இருக்குற பாகம் தேயாம இருக்கும்.

நல்ல சேதி என்னன்னா, 1920கள்ல வந்த மூணு ஓட்டை பிளேடு கில்லெட்டுக்குக் கூட இன்னைக்கு மளிகைக் கடையில தொங்குற பிளேடு பொருந்தும். செவன் ஓ கிளாக், டோபாஸ், சூப்பர்மேக்ஸ், எதை வேணா போடலாம். ஆட்டோஸ்ட்ராப், இன்ஜெக்டர், ஒத்தப் பக்கம் மட்டும் கூரு இருக்குற ஜெம், இதுக்கெல்லாம் தனி பிளேடு, நம்ம ஊரு கடையில கெடைக்காது, மொதல்ல அந்தப் பக்கமே போவேணாம்.

எங்க தேடுறது, எப்படி கேக்குறது

சொந்தக்காரங்க வீட்டுப் பரண்தான் மொத எடம். தாத்தா சாமானைக் கேட்டா "அந்தக் கருமத்தை எதுக்குடா எடுக்குற"ன்னு திட்டுவாங்க, ஆனா குடுத்துடுவாங்க. ரெண்டாவது பழைய இரும்புக்கடை, கும்பகோணத்துல பழைய பித்தளை வாங்குற கடைங்க. ரேசர்னா பெரும்பாலும் பித்தளை மேல நிக்கல் முலாம், அதுனால அது இரும்போட கெடக்காது, பித்தளைக் குவியல்லதான் கெடக்கும், ஒடைஞ்ச குத்துவிளக்கு, கூஜா மூடி, குழாய் திருகு இதுங்களோட. கையில எடுத்துக் காட்டி "அண்ணே இது என்ன வெல"ன்னா, "பித்தளைதான தம்பி, எடைக்கு என்ன வருதோ குடு"ம்பாரு. அதே சமயம் நீங்க அதைத் தொடச்சுத் தொடச்சு வெளிச்சத்துல வச்சுப் பாத்து போட்டோ எடுத்தீங்கன்னா முடிஞ்சுது, அடுத்த தடவை அது "ஆன்டிக் பீஸ் சார்" ஆயிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைங்கள்ல எல்லாம் ஏற்கனவே ஆன்டிக் வெலைதான், டெல்டாவுலேருந்து போயிட்டு வர பஸ் காசையும் சேத்துக் கணக்கு போட்டுக்குங்க.

ஆனா வீட்டுல வயசானவங்ககிட்ட வாங்குறீங்கன்னா எடை வெலை பேசாதீங்க. அது அவங்க வீட்டுக்காரர் கை வச்சுப் பொழங்குன சாமான், ஆன்லைன்ல என்ன வெலை போகுதுன்னு நமக்குத் தெரியுது, அவங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான் வித்தியாசம். நியாயமா ஒரு தொகையைச் சொல்லிக் கேளுங்க.

மூணாவது எடம் பழைய சலூன். பெரியவர்கிட்ட போயி மொதல்ல முடி வெட்டிக்குங்க, பேச்சு குடுங்க, அடப்பத்துல, அதாவது சவர சாமான் வைக்கிற பையில, என்னென்ன வச்சிருந்தாங்கன்னு கேளுங்க. கத்தி, தீட்டுற தோல் வார், தீட்டுக்கல்லு, கிண்ணி, படிகாரம்னு ஒண்ணொண்ணா சொல்லுவாரு. நெறய பேரு குடுக்க மாட்டாங்க. "அப்பா புடிச்ச கத்தி தம்பி, குடுக்க மனசு வரல, வேணும்னா எப்படி தீட்டுறதுன்னு காட்டுறேன், பாத்துக்க"ன்னு ஒருத்தர் சொன்னாருன்னா, உக்காந்து பாத்துட்டு வாங்க, கத்தி கெடைக்கிறதை விட அது லாபம்.

கையில எடுத்ததும் பாக்க வேண்டியது

இந்த எடத்துல அவசரப்படாதீங்க. மூணு துண்டையும் கழட்டுங்க. கழல மாட்டேங்குதுன்னா முறுக்காதீங்க, உள்ள பழைய சோப்பு கல்லு மாதிரி ஒறைஞ்சிருக்கும், சுடுதண்ணியில ஊறப்போட்டா விட்டுக்குடுக்கும், கடையிலயே குறடு போட்டுத் திருகுனா கைப்பிடிக் குழாய் பொளந்துரும். குழாய்ல முடி மாதிரி மெல்லிசா நீளவாக்குல விரிசல் இருக்கான்னு நகத்தை வச்சுத் தடவிப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாதது நகத்துக்குத் தெரியும். நடுத் தட்டை ஒரு கண்ணாடி மேல கவுத்து வச்சு ஆட்டுங்க, ஆடுச்சுன்னா வளைஞ்சிருக்கு, கீழ விழுந்த பீஸு. சீப்பு மாதிரி பல்லு வச்ச ரகமா இருந்தா ஒவ்வொரு பல்லும் ஒரே வரிசையில நிக்குதான்னு பக்கவாட்டுல பாக்கணும், ஒரு பல்லு மடங்குனாலும் அந்த எடத்துல கிழிக்கும், நிமித்துறேன்னு போனா ஒடைஞ்சுரும்.

பட்டாம்பூச்சிக் கதவு ரகத்துல கதவு ரெண்டும் ஒண்ணா எழும்பணும், மூடுனா இடுக்கு இல்லாம உக்காரணும். பையில ஒரு புது பிளேடு வச்சிருங்க, போட்டு மேலேருந்து பாத்தா ரெண்டு பக்கமும் ஒரே அளவு வெளிய தெரியணும். ஒரு சின்ன காந்தமும் வச்சிருங்க, நச்சுன்னு ஒட்டுச்சுன்னா அடியில இரும்பு, முலாம் போன எடத்துல துரு வந்துருக்கும்.

இன்னொண்ணு, கில்லெட் மூணு துண்டு ரேசர்கள்ல திருகு மரை பெரும்பாலும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தும், அதுனால ஒரு ரேசரோட தலையை இன்னொண்ணோட கைப்பிடியில மாட்டி விக்கிறது சகஜம். மழிக்க ஒரு தொந்தரவும் இல்ல, ஆனா ஒரிஜினல் செட்டுன்னு சொல்லி அதுக்கு வெலை கேட்டா குடுக்காதீங்க. அமெரிக்காவுல செஞ்ச கில்லெட்டா இருந்தா தலைக்கு அடியில ஒரு எழுத்தும் ஒரு நம்பரும் இருக்கும், எழுத்து வருஷம், நம்பர் அந்த வருஷத்துல எந்த மூணு மாசம்னு. 1951க்கு டபிள்யூ, 1954க்கு இசட், அப்பறம் 1955க்கு திரும்ப ஏ-லேருந்து ஆரம்பிக்கிறாங்க. சூப்பர் ஸ்பீடுல ஏ2ன்னு இருந்தா 1955 ஏப்ரல், மே, ஜூன்ல செஞ்சது. இங்கிலாந்து பீஸ்கள்ல நெறய இந்தக் கோடு இல்லாமலே இருக்கும், பெட்டியையும் எழுத்து வெட்டையும் வச்சுதான் குத்துமதிப்பா சொல்ல முடியும்.

சுத்தம் பண்றது: புளியைத் தொடாதீங்க

நம்ம வீடுகள்ல பித்தளைன்னாலே புளி, சாம்பல், இல்லாட்டி பீதாம்பரி பவுடர். ரேசரை வீட்டுல குடுத்துட்டு வெளிய போனீங்கன்னா பத்து நிமிஷத்துல பளபளன்னு தங்கம் மாதிரி ஆக்கிக் குடுப்பாங்க, அந்தப் பளபளப்பு என்னன்னா நிக்கல் மொத்தமும் போயி உள்ள இருக்குற பித்தளை தெரியுது. முலாம் ஒரு மெல்லிசான தோலு. ரேசர்ல தங்க நிறம் இருந்துச்சுன்னா இன்னும் மோசம், அந்தத் தங்கப் பூச்சு துணியால அழுத்தித் தேச்சாலே போகும். எலுமிச்சம்பழம், வினிகர், பேஸ்ட்டு, ஸ்க்ரப்பர், எதுவும் வேணாம்.

செய்ய வேண்டியது இதுதான். வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு, ஒரு அரை மணி நேரம் ஊறப்போடுங்க. அப்பறம் பழைய மெல்லிசு பிரஷ்ஷால மரையிலயும் பல்லு இடுக்குலயும் தேச்சா வெள்ளையா தூளு தூளா வரும், அது நாப்பது அம்பது வருஷத்து சோப்பு. திரும்ப ஊறல், திரும்ப பிரஷ்ஷு. தண்ணியில கறுப்பா எறங்குறது நின்னதும் தொடச்சு, காயவச்சு, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டுல முக்கி எடுங்க, வேற ஒருத்தர் மூஞ்சியில பட்ட சாமான் இது, கூச்சப்படாம ரெண்டு தடவை பண்ணலாம். பச்சை பச்சையா களிம்பு இருந்தா அது பித்தளை வெளிய வந்த எடம், ஒரு பல்லுக்குச்சி முனையில எண்ணெய் தொட்டு மெதுவா கெளறுங்க. பிளாஸ்டிக், பேக்லைட் கைப்பிடியைக் கொதிக்கிற தண்ணியில போடவே போடாதீங்க. முலாம் மொத்தமா போன பீஸா இருந்தா திரும்ப முலாம் போடக் குடுக்கலாம், இருந்தாலும் பட்டறைக்காரர் பழசை மெஷின்ல பஃப் அடிச்சுதான் ஆரம்பிப்பாரு, அதுல எழுத்தெல்லாம் மழுங்கிரும், மொதல்லயே சொல்லி வைங்க.

பழைய ஷேவிங் பிரஷ் கெடைச்சா கைப்பிடிக்காக வாங்குங்க, முடிக்காக வாங்காதீங்க. மொதல் உலகப்போர் சமயத்துல குதிரை முடி பிரஷ்ல ஆந்த்ராக்ஸ் வந்து ஆளுங்க செத்திருக்காங்க. பழைய முடிக் கொத்தை எடுத்துட்டு புது சிந்தடிக் கொத்து வாங்கி ஒட்டிக்கலாம், நம்ம ஈரத்துக்கு சிந்தடிக்தான் சீக்கிரம் காயும்.

தண்ணியும் நுரையும்

நுரை வரலன்னு சோப்பைத் திட்டுறவங்க நெறய பேரு, குத்தம் தண்ணியில இருக்கும். நாகை, வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கம் போர் தண்ணி உப்பா இருக்குற எடத்துல சோப்பு நுரைக்காம திரிதிரியா போகும். ஒரு பாட்டில்ல தண்ணி ஊத்தி துளி சோப்பு போட்டுக் குலுக்குங்க, நுரை நிக்காம தண்ணி பால் மாதிரி கலங்குச்சுன்னா உங்க வீட்டுது கடினத் தண்ணி. ஷேவ் பண்ண ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணியோ மழைத் தண்ணியோ போதும், பிரஷ் நனைக்கவும் நுரை அடிக்கவும் மட்டும் அதை வச்சுக்கிட்டு மூஞ்சி கழுவ குழாய்த் தண்ணியையே வச்சுக்குங்க.

பிரஷ்ஷை ஊறவச்சு உதறிட்டு, கிண்ணியிலயோ எவர்சில்வர் கிண்ணத்துலயோ பட்டாணி அளவு கிரீமைப் போட்டு சொட்டுச் சொட்டா தண்ணி சேத்து சுத்துங்க. கோத்ரெஜ் போதும், பால்மாலிவ் போதும், வெளிநாட்டு டப்பாவுக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்ணாதீங்க. மேல மேல குமிழி வந்தா காத்துதான் இருக்குன்னு அர்த்தம், குமிழி அடங்கி பளபளன்னு வழுக்குற வரைக்கும் அடிக்கணும்.

மழிக்கிறது

குளிச்ச உடனே பண்ணுங்க, முடி ஊறி மெதுவா இருக்கும். அதுக்கு முன்னாடி ஒரு நாள் தாடியை விரலால தடவிப் பாத்து முடி எந்தப் பக்கம் சாயுதுன்னு கண்டுபுடிங்க, கன்னத்துல கீழ் நோக்கி இருக்கும், கழுத்துல பல பேருக்கு மேல் நோக்கியோ பக்கவாட்டுலயோ இருக்கும், கழுத்துல கொப்புளம் வர்றதே இதைப் பாக்காம இழுக்குறதாலதான்.

ரேசர் தலையோட மேல் பக்கத்தைக் கன்னத்துல வைங்க, கைப்பிடி நேரா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். அப்படியே கைப்பிடியை மெல்ல கீழ எறக்குங்க, பிளேடு தோலைத் தொடுற எடம் வரும், சுமாரா 30 டிகிரி, அந்தக் கோணத்தை விடாதீங்க. அழுத்தவே கூடாது. பிளாஸ்டிக் ரேசர்ல அழுத்திப் பழகுன கைக்கு இது கஷ்டம், ரேசரோட கனமே வேலையைப் பாத்துக்கும். கைப்பிடியோட நுனியில புடிச்சா அழுத்த முடியாது, மொதல்ல அப்படிப் புடிச்சே பழகுங்க. இடது கையால தோலை இழுத்துப் புடிச்சு, சின்னச் சின்ன இழுப்பு, முடி சாயுற பக்கம் மட்டும். மொத சில வாரம் ஒரே சுத்தோட நிறுத்திக்குங்க, கொஞ்சம் சொரசொரன்னு இருந்தா இருக்கட்டும். பழகுன பின்னாடி திரும்ப நுரை போட்டு குறுக்கால ஒரு சுத்து. நுரை இல்லாத எடத்துல பிளேடு படக்கூடாது.

முடிஞ்சதும் பச்சைத் தண்ணியில கழுவிட்டு நாட்டு மருந்துக் கடை படிகாரக் கட்டியை நனைச்சுத் தடவுங்க. எங்க ரொம்ப எரியுதோ அங்க நீங்க அழுத்தியிருக்கீங்க, அவ்வளவு நேர்மையா வேற யாரும் சொல்ல மாட்டாங்க. ஒரு நிமிஷம் விட்டுக் கழுவிடுங்க.

ரோல்ஸ் ரேசரும் கத்தியும்

கப்பல்ல வந்த சாமான்ல எனக்குப் புடிச்சது ரோல்ஸ் ரேசர். இங்கிலாந்து சரக்கு, 1920கள்லேருந்து 1950கள் வரைக்கும் அமோகமா வித்தது, இம்பீரியல், வைக்கவுண்ட்னு மாடல் பேரு போட்டிருக்கும். பாக்க வெள்ளி நிறத்துல ஒரு கனமான தட்டைப் பெட்டி. மேல் மூடியையும் கழட்டலாம், கீழ் மூடியையும் கழட்டலாம். ஒண்ணோட உள்பக்கம் தோல் வார் ஒட்டியிருக்கும், இன்னொண்ணுல தீட்டுக்கல்லு. நடுவுல தடியா ஒரே ஒரு பிளேடு. மேல நீட்டியிருக்குற பிடியை முன்னயும் பின்னயும் தள்ளுனா பிளேடு ஒவ்வொரு கோடியிலயும் படக்குனு பொரண்டு படுத்து அடுத்த பக்கத்தைத் தீட்டிக்கும், டக்கு டக்குன்னு அந்தச் சத்தம் பக்கத்து ரூம் வரைக்கும் கேக்கும். தீட்டுனதும் பிளேடைக் கழட்டி கைப்பிடியில மாட்டி மழிக்கிறது. தினம் வாரு மட்டும், மழுங்குனா மட்டும் கல்லு. வாங்கும்போது கல்லு ரெண்டா ஒடைஞ்சிருக்கா, தோலு வெடிச்சிருக்கா, பிளேடு கூருல பல்லு விழுந்திருக்கான்னு பாருங்க, பிளேடு போச்சுன்னா புதுசு எங்கயும் செய்யல.

சவரக்கத்தியில சோலிங்கன், ஷெஃபீல்டு ரெண்டு ஊரு பேருதான் அதிகமா மாட்டும். கூருல துருப் புள்ளி இருந்தா விட்டுருங்க, முதுகுல இருந்தா பரவால்ல. கூரு நடுவுல உள்வாங்கி வளைஞ்சிருந்தாலும் வேணாம். பிடி யானைத் தந்தம்னு சொல்லி வெலை ஏத்துனா அப்படியே நகந்துருங்க, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல மாட்டிக்குற விஷயம் அது. ஆமை ஓடு மாதிரி இருக்குற செல்லுலாய்டு பிடி நெறய வரும், மூந்து பாத்தா லேசா கற்பூர வாசம் அடிக்கும், அது பழசாகி நொறுங்க ஆரம்பிச்சா அதுலேருந்து கெளம்புற அமிலக் காத்து கத்தியையே அரிச்சுரும், பக்கத்துல இருக்குறதையும் கெடுக்கும், தனியா வைங்க.

தோல் வார்ல தீட்டும்போது கத்தியோட முதுகு முன்ன போகணும், கூரு பின்னால வரணும், திருப்பும்போது முதுகு மேலயே பொரட்டணும். இதை சலூன் பெரியவர்கிட்ட நேர்ல பாத்துக் கத்துக்கிறதுதான் சரி. கத்திக் கோணம் பழகணும்னா சலூன்ல இப்ப பொழங்குற, பிளேடைப் பாதியா ஒடச்சு மாட்டுற ஹோல்டரை வாங்கிப் பழகுங்க, வெலை கம்மி, தீட்டுற வேலை இல்ல.

வைக்கிறது, தூக்கிப் போடுறது

பாத்ரூம்ல வைக்காதீங்க. ரேசரை அலசி, உதறி, திருகை லேசா தளத்தி காயவைங்க. ஐப்பசி கார்த்திகை அடைமழையில கத்திக்கும் ரோல்ஸ் பிளேடுக்கும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வைங்க, தேங்காயெண்ணெய் நாளானா பிசுபிசுன்னு ஆயிடும். தோல் உறைக்குள்ள கத்தியைப் போட்டு மாசக்கணக்கா விடாதீங்க, தோலு ஈரத்தை இழுத்து வச்சுக்கும். மருந்து பாட்டில்ல, ஷூ பெட்டியில வர்ற சிலிக்கா பொட்டலத்தைத் தூக்கிப் போடாம பெட்டிக்குள்ள போட்டுருங்க.

துருப்புடிச்ச பழைய கத்தி ஆழமா கிழிச்சா டி.டி. ஊசி போட்டுக்குங்க, தள்ளிப் போடாதீங்க. தேஞ்ச பிளேடைக் குப்பையில அப்படியே போட்டா நகராட்சிக்காரங்க கைதான் கிழியும். ஒரு காலி பவுடர் டப்பா மூடியில கத்தியால ஒரு கீத்து போட்டு பாத்ரூம் ஜன்னல்ல வைங்க, அதுக்குள்ள தள்ளிக்கிட்டே வரலாம், ரொம்புறதுக்கு வருஷக்கணக்காகும், ரொம்புனதும் மூடி மேல டேப் சுத்தி பிளேடுன்னு பெருசா எழுதி, குப்பை வண்டிக்காரர்கிட்ட சொல்லி தனியா கையில குடுங்க.